சகலையின் முதுகு

காலையிலிருந்து ரெப் பார்த்துக்கொண்டு வந்தது ஒரே ஒரு காட்சியைத்தான். சகலையின் முதுகு.

சுற்றிலும் பாலைவனம். பார்க்க வேறு எதுவும் இல்லை என்பது உண்மைதான். அதற்காக, மஞ்சள் சட்டை போட்ட ஒரு அகலமான முதுகையா நாள் பூரா பார்த்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பது?

"ஒட்டி வாங்க சகலை! என் பின் சக்கரத்தை விட்டு விலகாதீங்க!" முன்னாலிருந்து கத்தினார் அந்த முதுகுக்காரர், பல் டாக்டர்.

'வாயைத் திறங்க, அசையாதீங்க' என்று நோயாளியிடம் சொல்கிற அதே குரல்.

ரெப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மருந்து கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி, அதாவது மெடிக்கல் ரெப். டாக்டர்களின் அறை வாசலில் காத்துக் கிடப்பதுதான் பிழைப்பு. லீவு போட்டுவிட்டு வந்த இடத்திலும் ஒரு டாக்டருக்குப் பின்னால்தானா?

மாமனார் வீட்டிலும் இதே கதைதான். அக்காவைக் கட்டியவர் டாக்டர். தங்கையைக் கட்டியவன் இவன். எந்தப் பேச்சும் பெரிய மாப்பிள்ளையில் ஆரம்பித்து, நேரம் மிச்சமிருந்தால் சின்ன மாப்பிள்ளைக்கு வரும்.

காலையில் இரண்டு மகள்களோடு வேனில் ஏறும்போது மாமனார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்க முன்னாடி போய் லாட்ஜ் வாசல்ல நிக்கிறோம். எந்த மாப்பிள்ளை முதல்ல வர்றார்னு பாக்கலாம்."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ரெப் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்காவது முதலில் போய் நின்று காட்ட வேண்டும். ஒரே ஒரு தடவை போதும்.

எதிர்க்காற்று ஊளையிட்டது. ரெப் சீட்டில் இப்படியும் அப்படியும் நெளிந்தான். கைப்பிடியை விட்டான், பிடித்தான். இருப்புக் கொள்ளவில்லை. மெல்ல வலப்பக்கம் ஒதுங்கி முந்தப் பார்த்தான். ஒரு கை மண் வந்து கண்ணில் விழுந்தது. நாலு மிதி மிதிப்பதற்குள் மூச்சு வாங்கியது. அதற்குள் டாக்டர் எழுந்து நின்று மிதித்து, மறுபடி முன்னால் போய்விட்டார்.

"அவசரப்படாதீங்க சகலை! பின்னாலயே இருங்க!"

"இருப்பேன், இருப்பேன். ஜென்மத்துக்கும் இருப்பேன்" என்று முனகினான் ரெப்.

லாரிக்காரர்கள் நிறுத்தும் டீக்கடையில் இறங்கினார்கள். ரெப் கண்ணில் விழுந்த மண்ணைக் கழுவிக்கொண்டான். டாக்டருக்குக் கண் சிவந்து, உதடு வெடித்திருந்தது. தண்ணீர் குடித்த பிறகுதான் குரலே வந்தது.

"இனிமே நான் கொஞ்ச நேரம் முன்னால போறேனே" என்றான் ரெப்.

"இப்ப வேணாம் சகலை."

"பின்னே எப்ப?"

"நானே சொல்றேன்."

ரெப் கடைக்குப் பின்பக்கம் போய் மனைவிக்கு போன் போட்டான்.

"உங்க அக்கா வீட்டுக்காரருக்கு மனசே இல்ல. வாய் விட்டுக் கேட்டுட்டேன், வழி விட மாட்டேங்கிறார். முதல்ல வந்தா அவருக்கு உங்கப்பா என்ன கிரீடமா வைக்கப் போறார்?"

"அதுக்குப் போய் ஏங்க மல்லுக்கு நிக்கிறீங்க? பத்திரமா வாங்க, போதும்."

"உனக்கும் அவர்தான் பெரிசு!"

பட்டென்று வைத்துவிட்டான். டீ ஆறிப்போயிருந்தது.

மறுபடி அதே முதுகு. அதே "ஒட்டி வாங்க". வெயில் சாயும் நேரத்தில் ரோடு ஒரு குன்றை வளைத்துச் சுற்றி, வந்த திசைப் பக்கமே திரும்பியது. திரும்பியதுமே டாக்டர் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார்.

"இனிமே நீங்க போங்க சகலை. லாட்ஜ் வரைக்கும் நேர் ரோடுதான்."

"என்னாச்சு? முடியலையா?"

டாக்டர் வெடித்த உதட்டோடு சிரித்தார். "ஆமா. முடியல."

ரெப் மனசுக்குள் விசிலடித்துக்கொண்டு கிளம்பினான். என்ன ஆச்சரியம்! காலையிலிருந்து முரண்டு பிடித்த சைக்கிள் இப்போது றெக்கை கட்டிப் பறந்தது. காற்றுகூட நின்றுவிட்டது போலிருந்தது. தன் காலில் இத்தனை பலம் இருப்பது அவனுக்கே தெரியாமல் போயிருந்தது. திரும்பிப் பார்த்தான். மஞ்சள் சட்டை வெகு தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

லாட்ஜ் வாசலில் மாமனார் கை தட்டினார். "அடடே! சின்ன மாப்பிள்ளை!"

ரெப் இறங்கி நின்றான். பின்னாலிருந்து வந்த காற்று அவன் தொப்பியைப் பிடுங்கி லாட்ஜ் படி வரைக்கும் உருட்டிக்கொண்டு போனது. அதை எடுக்க அவனுக்கு ஏது நேரம்?

"பாவம் மாமா, சகலைக்கு வயசாயிடுச்சு. காலையிலேருந்து வழியே விடல. கடைசியில முடியலன்னு அவரே ஒதுங்கிட்டார். ஆசை இருந்தா போதுமா, உடம்பு கேக்கணுமில்ல?"

"அப்படியா சேதி?" என்றார் மாமனார், நம்ப முடியாமல்.

டாக்டர் வந்து சேர்ந்து, படியில் உட்கார்ந்தார். அவர் சட்டையில் முதுகுப் பக்கம் மட்டும்தான் மஞ்சளாக இருந்தது.

"சின்னவர் பிரமாதமா ஓட்டினார் மாமா" என்றார்.

அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு வெள்ளைத் துண்டை நனைத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

அக்கா டாக்டரின் முகத்தைத் துடைத்தாள். ஒரே துடைப்பில் துண்டு செங்கல் நிறமானது. கன்னத்தில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்து, "ஐயோ, என்னங்க இது!" என்று பதறினாள்.

"கொஞ்சம் காத்து. ஒண்ணுமில்ல, விடு" என்றார் டாக்டர்.

தங்கை ரெப்பின் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துண்டை விரித்துப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, வெகு சாதாரணமாகக் கேட்டாள்:

"ஏங்க, ரெண்டு பேரும் ஒரே ரோட்டுலதானே வந்தீங்க? உங்க மூஞ்சியில மண்ணையே காணோமே... நீங்க யார் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு வந்தீங்க?"