ஊசி சிக்கும் வரி

மழை ஓய்ந்த மத்தியான வெளிச்சம் கூடத்துத் தரையில் ஈரத்துணி போலக் கிடக்கிறது. அண்ணன் இறந்த பிறகு இன்றுதான் ரெக்கார்ட் பிளேயரைத் திறக்கிறேன். அவன் உயிரையே வைத்திருந்த அந்த ஹிப்பி காலத்து ராக் இசைத்தட்டை அவனோடு சேர்த்தே அனுப்பிவிட்டோம். இப்போது சுழல்வது, பழைய தட்டுகள் விற்கும் கடையில் நான் வாங்கிய வேறு பிரதி, ஒரு கீறல்கூட இல்லை. அட்டையில் ஊதா எழுத்துகள் மெழுகாக உருகி வழிகின்றன. கிட்டார் இடப்பக்க ஸ்பீக்கரில் கிளம்பி, தலைக்குள் புகுந்து, வலப்பக்க ஸ்பீக்கருக்குள் போய் ஒளிகிறது. "இதெல்லாம் ஒரு பாட்டாடா? பேய் அழற மாதிரி இருக்கு" என்று அண்ணனோடு மல்லுக்கு நின்ற அப்பா, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சத்தம் போகிற பக்கமெல்லாம் அவர் முகமும் திரும்புகிறது. அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவுகிறாள். மூன்றாவது பாட்டு தொடங்குகிறது. அண்ணனின் தட்டு இதில் ஓர் இடத்தில் சிக்கி ஒரே வரியை அரைத்துக்கொண்டிருக்கும். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அவன் ஓடிவந்து குதிகாலால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதிப்பான், ஊசி தாவிவிடும், அம்மா அவனை அதட்டுவாள். அந்த வரி வருகிறது. இந்தத் தட்டு சிக்கப்போவதில்லை. ஆனாலும் அப்பாவின் குதிகால் உயர்ந்து, தொம்மென்று தரையில் இறங்குகிறது. ஊசி துள்ளிப் பின்னால் விழுந்து, அதே வரியை மறுபடி பாடுகிறது.

"மெதுவாடா! வீடு இடிஞ்சி விழப்போகுது" என்கிறாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

அதற்குப் பிறகு பாத்திரச் சத்தம் இல்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.