நீக்க வேண்டிய சத்தங்கள்

ஒலிப்புத்தகம் வாசிப்பதுதான் ஷீபாவுக்கு வேலை. காலையில் கம்ப்யூட்டரில் ரெக்கார்டிங் செட்டிங்ஸைத் திறந்தாள். வீட்டில் எந்தெந்தச் சத்தம் பதிவாகக் கூடாது என்று எப்போதோ அவளே போட்ட பட்டியல் வந்தது: மிக்ஸி, காலிங்பெல், வீட்டுக்காரர். கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி: 'நானூறு நாளாகக் கேட்கவில்லை. அழிக்கலாமா?'

கணவர் இறந்தபிறகு ஒன்பது வருடப் பதிவுகளையும் சலித்துவிட்டாள். அவர் குரல் ஓரிடத்திலும் இல்லை, சாஃப்ட்வேர் சுத்தமாகத் துடைத்திருந்தது. அடையாளம் காண்பதற்கென்று அவர் குரலை இங்கே மூன்று விநாடி அது வைத்திருப்பது இன்றுதான் கண்ணில் பட்டது. தட்டினாள்.

"ஷீபா, காப்பி ஆறிப்போகுது பாரு."

"இதோ வரேன்," என்றாள், தன்னை அறியாமல்.

மைக் திறந்தே இருந்தது. பதிவானதை ஓடவிட்டுப் பார்த்தாள். அவள் வரேன் என்றது மட்டும் கேட்டது.