எண்ணெய்க் கறை

பொங்கலுக்காகப் பீர்க்கன்கரணை வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த ரங்கனை, கூடத்துச் சுவரில் இருந்த எண்ணெய்க் கறையை மட்டும் ஜெயக்கொடி தொடவிடவில்லை.

“இன்னாக்கா, வூடே பளபளன்னு ஆவப்போவுது. இது ஒண்ணு அசிங்கமா கீது.”

“எங்க வீட்டுக்காரர் தினமும் தலை சாய்ச்ச இடம்பா. சுவத்துல சாயாதீங்கன்னு அவர் இருந்தவரைக்கும் சண்டை போட்டேன். இப்ப அழிக்க மனசு வரலை.”

ரங்கன் கறையைத் தடவிப் பார்த்தான். விரல் மினுமினுத்தது.

“அண்ணன் போயி ரெண்டு வருசமாச்சு. இன்னும் ஈரமா கீதேக்கா.”

ஜெயக்கொடி பயந்துபோய்க் கிட்டே வந்து பார்த்தாள். அவருடைய கறை காய்ந்து மங்கியிருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே இன்னொரு கறை, தேங்காய் எண்ணெய் வாசனையோடு புதிதாக இருந்தது.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் பூங்கோதை, இரண்டு கைகளாலும் பின்னந்தலையை மூடிக்கொண்டாள்.

“அப்பா மாதிரி சும்மா உக்காந்து பார்த்தேம்மா.”

“அப்ப கீழ கீறத மட்டும் அடிச்சுடவா?” என்றான் ரங்கன்.

“வேணாம்பா. வளர்ற பொண்ணு. சீக்கிரம் ரெண்டும் ஒண்ணாயிடும்.”

பிறகு, “அப்பாவும் பொண்ணும் சொன்னா கேக்கறதே இல்லை” என்று திட்டிக்கொண்டே, எண்ணெய்க் கிண்ணத்தோடு மகளின் பின்னால் உட்கார்ந்தாள்.