சாய்மானத்தின் மனக்குறை

பிசியோதெரபி கல்லூரி வகுப்பறையில் ஒரு நாற்காலிக்குத் தீராத மனக்குறை.

"இந்தப் பெனிட்டா ஒருநாளாவது என்மேல் முதுகைச் சாய்த்திருப்பாளா? கூனிக்கொண்டே படிக்கிறாள், அப்புறம் கழுத்து வலிக்குதுன்னு தைலத்தைத் தேய்க்கிறாள்!" என்று மூலையில் தொங்கிய எலும்புக்கூட்டிடம் புலம்பித் தள்ளியது.

"கொஞ்சம் பொறு. இன்றைக்குக் கழுத்துவலிப் பாடம்தான் படிக்கிறாள். திருந்தாமலா போவாள்?" என்றது எலும்புக்கூடு.

பெனிட்டா சத்தமாகப் படித்தாள்: "முதுகைச் சாய்த்து, தலை நிமிர்ந்து உட்கார வேண்டும்."

நாற்காலிக்குப் புல்லரித்துப் போனது. "வா தாயி, வா! நன்றாகச் சாய்ந்துகொள்!"

"இது கண்டிப்பா பரீட்சைக்கு வரும்" என்று முணுமுணுத்த பெனிட்டா, ஒரு கையால் கழுத்தைப் பிடித்தபடி, மூக்கு புத்தகத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, அந்த வரியை அழுத்தி அடிக்கோடிட்டாள்.