எழுபத்தைந்து கிலோ

“பல்லைக் கடிக்காதே, உடம்பைத் தளர விடு” என்றார் மாஸ்டர். ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்து, பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோல் சிஷ்யன் குச்சியின் இடுப்பை நெடுநேரம் தேய்த்துவிட்டார்.

பயிற்சிக்கூடத்தின் பின்னறை அது. பிய்ந்த கையுறைகளும் குத்து வாங்கி வாங்கி வாய் பிளந்த மணல் மூட்டைகளும் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. குச்சி எடை மெஷினில் ஏறினான். முள் ஆடி அடங்கி எழுபத்தைந்தில் நின்றது.

ஒல்லியாக வந்து சேர்ந்த காலத்தில் வைத்த பட்டப்பெயர்தான் குச்சி. ஐந்து மாதம் முன்புவரை அறுபத்தேழு கிலோ பிரிவில் குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தொரு வயதாகியும் பெயர் சொல்ல ஒரு பட்டம் இல்லை. எடையை ஏற்றி மேல் பிரிவுக்குப் போகலாம் என்று யோசனை சொன்னதும், இந்தப் புது மருந்தை எங்கிருந்தோ தேடிப் பிடித்ததும் மாஸ்டர்தான்.

“இதுதான் கடைசி ஊசி. போட்டிக்குச் சரியா இருபது நாள் இருக்கு. அதுக்குள்ள மருந்து உடம்பை விட்டுப் போயிடும்.”

“சோதனையில மாட்டாதே மாஸ்டர்?”

“நான் இருக்கேன்ல?”

அது போதும் குச்சிக்கு. மாஸ்டரின் மகனும் அதே கூடத்தில் குத்துச்சண்டை போடுகிறவன்தான். எனக்கும் அந்த ஊசியைப் போடுங்கள் என்று அவன் அடம்பிடித்தபோது, “முதல்ல குச்சிக்கு. அப்புறம்தான் உனக்கு” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் மனிதர். அன்றைக்குக் குச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் மனைவிதான் ஒத்துவரவில்லை.

“முதுகெல்லாம் பருவா கொட்டிக் கிடக்கு. சட்டை பட்டன் அறுந்ததுக்கு நேத்து அலமாரிக் கதவை உடைச்சிருக்க” என்றாள், முதுகில் களிம்பு தடவிக்கொண்டே.

“பயிற்சி ஜாஸ்தி. அதான்.”

“பயிற்சி பண்ணா உடம்பு மாறும். ஆளே மாறுவாங்களா?”

அவன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

போட்டியில் இரண்டாவது சுற்றிலேயே எதிராளி விழுந்தான். நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் மாஸ்டர் மேடைக் கயிற்றுக்குள் தலையை நுழைத்திருந்தார். எழுபத்தைந்து கிலோவையும் அலேக்காகத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். வியர்வை காய்வதற்குள் சோதனை அதிகாரி ஒருவர் சிறு குப்பியோடு வந்து நின்றார்.

“தைரியமாப் போ” என்று குச்சியின் முதுகில் தட்டி அனுப்பினார் மாஸ்டர்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. சிறுநீரில் தடை செய்யப்பட்ட மருந்து. பட்டம் பறிப்பு. விசாரணைக்கு நேரில் வரவும்.

பின்னறையில் மாஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “இருபது நாள் விட்டோமேடா! இன்னுமா உள்ள இருந்திருக்கு?”

குச்சி கடிதத்தை மறுபடியும் படித்தான்.

“என் பேரு வெளிய வந்தா கூடத்தையே இழுத்து மூடிடுவாங்க. இத்தனை பேரும் நடுத்தெருவுலதான் நிக்கணும்.” அவர் குரல் உடைந்தது.

“உங்க பேரு எதுக்கு வருது மாஸ்டர்? நானே போட்டுக்கிட்டேன்னு சொல்லிடறேன்.”

மாஸ்டர் அவன் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

“யார் குடுத்தது? உண்மையைச் சொன்னா தண்டனையைப் பாதியாக் குறைக்க வழி இருக்கு.”

“யாரும் குடுக்கல. நானே வாங்கி நானே போட்டுக்கிட்டேன்.”

“உங்க மாஸ்டருக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சிருந்தா அன்னைக்கே என்னைச் செருப்பால அடிச்சுத் துரத்தியிருப்பாரு.”

அம்மாள் பெருமூச்சு விட்டு எழுதினார். நான்கு வருடம். எந்த மேடையிலும் ஏறக் கூடாது; எந்தக் கூடத்திலும் கால் வைக்கக் கூடாது. நான்கு வருடம் கழித்து அவனுக்கு வயது முப்பத்தைந்து.

வெளியே பெஞ்சில் மனைவி காத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

“யாரைக் காப்பாத்திட்டு வர?”

“எனக்கு அப்பா மாதிரி இருக்கிறவரை.”

மாஸ்டர் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். அந்த நடைபாதையில் போனவர்கள் நின்று பார்க்கும்படி அழுதார். “உன்னை நான் மறக்கவே மாட்டேன்டா” என்றார். தன் வாழ்க்கையே போய்விட்டதை மறந்து, குச்சிதான் அவருக்குத் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தான். கைத்தாங்கலாகப் படியிறக்கிக் கார்வரை கொண்டுவந்து விட்டான்.

மாஸ்டரின் மகன் ஸ்டியரிங் முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தான். கார் தெருமுனை திரும்ப, குச்சியின் உருவம் மறைந்தது.

“நாலு வருஷமாப்பா? பாவம்” என்றான் மகன்.

“பாவம்தான்.” மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

“எனக்கு எப்பப்பா ஊசி ஆரம்பிக்கிறது?”

“நாளைக்கே ஆரம்பிக்கலாம். இருபது நாள் பத்தாதுன்னுதான் தெரிஞ்சுபோச்சே!”