கடல் உள்வாங்கியிருக்கும்

பாலைவனத்தில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஜீப் நின்றது. ஓட்டிவந்தவர், பெட்டிக்குள் வெகுநாளாகக் கிடந்த பழைய ஜி.பி.எஸ் கருவியை எடுத்து ஆன் செய்தார்.

"நாம கடற்கரையில இருக்கோம்," என்றது அது, கண் திறந்ததுமே. கடைசியாக அதை அணைத்தது அங்கேதான்.

பக்கத்தில் இருந்த தண்ணீர் கேன் சுற்றுமுற்றும் பார்த்தது. அடியில் ஒரு வாய்த் தண்ணீர்தான் மிச்சம். "அண்ணே, சுத்தியும் வெறும் மணலா இருக்கே?"

"கடற்கரைன்னா மணல் இருக்காதா?"

"அலையைக் காணோமேண்ணே!"

"கடல் உள்வாங்கியிருக்கும். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

ஓட்டிவந்தவர் பேட்டரியை மாற்றினார். கடற்கரை. உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். கடற்கரையேதான். வெறுத்துப்போய், அதை வெளியே ஒரு பாறைமேல் வைத்துவிட்டு ஜீப்பின் நிழலில் உட்கார்ந்தார்.

வாதாட ஆளில்லாமல் அது வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தது. செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டது.

"இது பாலைவனம். இடப்பக்கம் போனா கிணறு. அப்பவே சொன்னேன், யாரு கேட்டீங்க?"

கேன் வாயைத் திறக்கவில்லை. கிணறு வந்த பிறகுதான் திறந்தது.

அடுத்த விடுமுறைக்கு எல்லோருமாகக் கடற்கரைக்குப் போனார்கள். கருவி கண் திறந்தது.

"தண்ணியைப் பாத்து செலவழிங்க. பாலைவனத்துல இருக்கோம்."

அலை ஒன்று வந்து அதை முழுக்க நனைத்துவிட்டுப் போனது.

"பாத்தியா," என்றது கேனிடம், "பாலைவனத்துலயும் மழை பெய்யுது!"