விழி அசையாதவள்

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வார்டில் இருந்தால்தான் முதியோர் கல்வி மையத்துக்கு அடுத்த ஆண்டும் அரசிடம் நிதி கேட்க முடியும். எல்லோரும் படித்துவிட்ட ஊருக்கு என்ன திட்டம் போடுவார்கள்? ஆசிரியை அமலி, தன்னிடம் எப்போதோ படித்துத் தேறிவிட்ட பேச்சியம்மாளிடம் வழக்கம்போல் வந்து நின்றாள்.

"யக்கா, இந்த வருசமும் படிக்கத் தெரியாத மாதிரியே இருந்துருங்க. இல்லன்னா மையத்த மூடிருவாங்க. எம்பொழப்பும் போச்சு."

"அதுக்கென்ன தாயி, பழகுனதுதான."

கணக்கெடுக்க வரும் அதிகாரிகள் கண்ணில் மாட்டிவிடும் சோதனைக் கண்ணாடி, நடிப்பவர்களைப் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. படிக்கத் தெரிந்தவர்கள் பதறும்படி எதையாவது எழுதிக் காட்டும். விழி துடித்தால் மாட்டிக்கொள்வார்கள். முதல் ஆண்டு, 'உன் வீடு எரிகிறது' என்று காட்டியது. போன ஆண்டு, 'உன் மகன் சுடலை செத்துவிட்டான்.' இந்த ஆண்டும் அதேதான். வெறும் சுவரைப் பார்ப்பதுபோல் பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். நிதி வந்தது. அமலி அல்வா வாங்கி வந்து கொடுத்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு மதியம், குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது கைபேசி ஒளிர்ந்தது.

'அம்மா, லாரி மோதிருச்சு. பெரியாஸ்பத்திரில இருக்கேன். சீக்கிரம் வா. சுடலை.'

பேச்சியம்மாள் ஓர் எழுத்து விடாமல் படித்தாள். விழி அசையவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குழம்பில் உப்புப் பார்த்தாள்.